விதைக்கடைக்காரருக்குக் கிடைத்த சிரிப்பு

ஆவரில் என்ற நாடகக் குடும்பத்துக்குள் வெளியிலிருந்து கல்யாணம் செய்துகொண்டு வந்தவர்களில் கடைசிவரை தாக்குப்பிடித்தவர்கள் இரண்டே பேர். ஒருத்தி நான், எட்னா. ஜாஸ்பர் ஆவரிலின் மனைவி. இன்னொருவர் வில்ஃப்ரெட் நோக்ஸ். அவர் ஜாஸ்பரின் தங்கை ஹெஸ்டரைக் கட்டிக்கொண்டவர். எனக்காவது நாடகக் கொட்டகை வாடை சின்ன வயதிலிருந்தே பழக்கம். வில்ஃப்ரெட் லண்டனுக்கு மேற்கே ரெடிங் ஊரில் விதைக்கடை வைத்திருந்தவர். பட்டாணி, வெங்காயம், புல்விதை, இலையுதிர் காலம் வந்தால் டூலிப் கிழங்கு. அவருடைய அப்பாவுக்கும் அதே கடைதான், அதே கல்லாப்பெட்டிதான்.

ஆவரில்கள் வேறு மாதிரி. ஜாஸ்பரின் தாத்தா செப்டிமஸ், சந்தை சந்தையாகக் கூடாரம் போட்டு ராஜா வேஷம் கட்டியவர். அப்பா மார்ட்டிமர் தானே நாடகம் எழுதித் தானே கதாநாயகனாக நடித்தார். மாமியார் ஆகஸ்டா எழுபது வயதிலும் சீமாட்டி வேஷத்தை விட்டுக்கொடுக்கவில்லை. வேஷம் இல்லாத மாதங்களில் நாவல் எழுதுவார். என் கணவர் ஜாஸ்பர் நாடகம் எழுதி இயக்குவார். ஹெஸ்டர் கல்யாணம்வரை நடித்துக்கொண்டிருந்தாள்.

மற்ற வீடுகளில் பொறாமையை ஒளித்துவைப்பார்கள். இந்த வீட்டில் அதை ஞாயிற்றுக்கிழமை ஆட்டிறைச்சியோடு சேர்த்து மேசையில் வைத்தே பரிமாறுவார்கள். எவருக்குக் கைதட்டல் கூடிற்று, விளம்பரத்தில் எவர் பெயர் மேலே இருந்தது, எவருடைய பேச்சின்போது கூட்டம் இருமியது என்பதெல்லாம் எல்லோருக்கும் தெரியும். மார்ட்டிமர் சாகக் கிடந்தபோதுகூடப் பக்கத்து ஊரில் தன் தம்பிக்குக் கைதட்டல் வாங்கிக்கொள்ள எத்தனை தடவை மறுபடி திரை தூக்கினார்கள் என்று கேட்டாராம். மாமியார் இதைப் பெருமையாகவே சொல்வார்.

வில்ஃப்ரெட் அந்த மேசையில் உட்கார்ந்து, பேசாமல் சாப்பிடுவார். அவர் எதையாவது சொல்ல ஆரம்பித்தால் எல்லோரும் கரண்டியை வைத்துவிட்டு ரொம்ப மரியாதையாகக் கேட்பார்கள். ஒருவர் கதையை ஒருவர் பிடுங்கும் குடும்பம் அது. மரியாதையாகக் கேட்கிறார்கள் என்றால் அந்த ஆளை எவரும் போட்டியாக நினைக்கவில்லை என்று அர்த்தம்.

ஹெஸ்டர் அவரை எப்படிப் பிடித்தாள் என்பது குடும்பத்தில் எல்லோருக்கும் தெரிந்த கதை. குடும்பத்தின் நாடகக் கம்பெனி ரெடிங்கில் ஒரு வாரம் நாடகம் போட்டது. ஒரு காட்சிக்கு மேசைமேல் வைக்கப் பூ வேண்டும் என்று அவருடைய கடைக்குப் போய் மணப்பட்டாணி விதை கேட்டிருக்கிறாள். எதற்கு என்று கேட்டார். இன்று சாயந்திரத்துக்கு என்றாள். அவர் சிரிக்கவில்லை. "ஜூன்லதான் பூக்கும்மா, வந்து வாங்கிக்க," என்று சொல்லி விதையைத் தன் தோட்டத்திலேயே போட்டுவைத்தார். ஜூன் மாதம் அவள் வந்து வாங்கிக்கொண்டாள். அடுத்த வருஷம் கல்யாணம். மேடையை விட்டாள். ஒரு மகன் பிறந்தான். பன்னிரண்டு வருஷம் கடைக்கு மேலேயே குடித்தனம்.

ஆயிரத்துத் தொள்ளாயிரத்து முப்பத்து நாலாம் வருஷம் ஜாஸ்பர் ஒரு புது நாடகம் எழுதினார். நாற்பது வயதுக்காரி ஒருத்தி, அவள் வீட்டுக்கு வருஷக்கணக்கு கழித்து வருகிற பழைய சிநேகிதன், இடையில் எதையும் கவனிக்காத ஒரு கணவன். அந்த நாற்பது வயதுக்காரி வேஷத்தை ஹெஸ்டரை மனதில் வைத்துத்தான் எழுதினார். அவளும் காத்திருந்தவள் மாதிரி ஒத்துக்கொண்டாள். பையன் பள்ளி விடுதிக்குப் போய்விட்டிருந்தான். சிநேகிதன் வேஷத்துக்கு லயனல் ஃபேன்.

இந்த லயனல் ஒரு காலத்தில் ஹெஸ்டரைக் கட்டிக்கொள்வதாக இருந்த ஆள். மோதிரம் வாங்கும்வரை போய், கடைசியில் வேறு கம்பெனியோடு கப்பலேறி ஆஸ்திரேலியாவுக்குப் போய்விட்டார். இப்போது காதோரம் நரைத்து, முன்னைவிட அழகாகத் திரும்பியிருந்தார்.

ஜூலையில் ஊர் ஊராகப் போக ஆரம்பித்தோம். முதல் ஊர் ரெடிங். விதைக்கடைக்கு அது வியாபாரம் இல்லாத மாதம். வில்ஃப்ரெட் மூன்றாவது வரிசையில் உட்கார்ந்து பார்த்தார். இரண்டாம் அங்கத்தில், தோட்டத்தைப் பார்த்த அறையில், லயனல் ஹெஸ்டரின் கையைத் திருப்பி மணிக்கட்டில் முத்தமிடுவார். அதுதான் நாடகத்தின் உயிர்.

அடுத்த வாரம் பாத் நகரத்துக்கும் வில்ஃப்ரெட் வந்தார். கடையை வேலைக்காரப் பையன்கள் பார்த்துக்கொள்கிறார்கள், சும்மா வந்தேன் என்றார். நான் அந்தக் கம்பெனியில் பக்கத்திரைக்குப் பின்னால் உட்கார்ந்து, மறந்துபோனவர்களுக்கு வசனம் எடுத்துக் கொடுக்கிறவள். நாடகம் முடிந்ததும் என் முக்காலிக்கு அருகில் வந்து நின்றார்.

"எட்னா, ஒண்ணு கேக்கட்டுமா? ரெடிங்ல அவன் இவ்வளவு நேரம் கையப் புடிச்சிருந்தானா?"

அதே நேரம்தான் என்றேன்.

"இல்ல. இங்க நீளம்."

எனக்குச் சிரிப்பு வந்தது. ஆனால் அவர் முகத்தைப் பார்த்தபின் சிரிக்கவில்லை. பன்னிரண்டு வருஷமாக அந்த மேசையில் பொறாமையே அண்டாமல் உட்கார்ந்திருந்த ஒரே மனிதர் அவர். இப்போது அவரையும் அது பிடித்துக்கொண்டது. அவருக்கு அதை எங்கே வைத்துக்கொள்வது என்றுகூடத் தெரியவில்லை. அந்த வாரம் முழுக்க சீட்டு வாங்கி, ஒரு நாள் மாடியிலிருந்து, ஒரு நாள் பக்கவாட்டிலிருந்து என்று அந்த மணிக்கட்டையே பார்த்தார். ஹெஸ்டருக்கு இது தெரியும். கண்ணாடிமுன் உட்கார்ந்து முகப்பூச்சைத் துடைக்கும்போது, "இன்னிக்கு எங்க உக்காந்திருந்தாரு?" என்று என்னிடம் கேட்பாள். கேட்கிற குரலில் கோபம் இல்லை.

செல்ட்னம் போய்ச் சேர்ந்த அன்று, நாடகத்தில் தட்டு ஏந்தி வருகிற வீட்டு வேலையாள், அந்த பட்லர் வேஷக்காரருக்கு மஞ்சள் காமாலை. சாயந்திரம் நாடகம். ஜாஸ்பர் தலையில் கை வைத்துக்கொண்டார். வில்ஃப்ரெட் தொப்பியைக் கையில் சுருட்டிக்கொண்டு, தான் செய்யட்டுமா என்று கேட்டார்.

ஜாஸ்பர் அவரை ஏற இறங்கப் பார்த்தார். "பேச ஒரு வார்த்தையும் கிடையாது, மாப்ளே. தட்டக் கொண்டு வா, வை, திரும்பு, போ. ஒரு வாத்தப் பழக்கினாக்கூட செஞ்சிடும்."

"வாத்துக்கு நீ கோட்டு தைக்கணும். எங்கிட்ட சாவுக்குப் போற கறுப்புக் கோட்டு இருக்கு," என்றார் வில்ஃப்ரெட்.

ஹெஸ்டர் மட்டும் அவரைத் தனியே கூப்பிட்டு, எதற்கு இந்த வேலை என்று கேட்டாள். கடையில் வேலை இல்லை, அதனால்தான் என்றார். பட்லர் உள்ளே வருவது அந்த முத்தக் காட்சியில்தான் என்பதை இரண்டு பேருமே சொல்லவில்லை.

மத்தியானம் இரண்டு தடவை ஒத்திகை பார்த்தோம். ஒழுங்காகவே செய்தார். சாயந்திரம் இரண்டாம் அங்கம் வந்தது. லயனல் ஹெஸ்டரின் கையைத் திருப்பினார், குனிந்தார். வில்ஃப்ரெட் ஷெர்ரி மதுக் கிண்ணங்கள் வைத்த தட்டோடு உள்ளே வந்தார். பாதி வழியில் நின்றுவிட்டார்.

முகத்தில் ஒன்றும் செய்யவில்லை. கழுத்தை மட்டும் கொஞ்சம் முன்னால் நீட்டிப் பார்த்தார். கடையில் எவனாவது ஒரு பிடி பட்டாணியைச் சட்டைப்பைக்குள் போடுகிறானா என்று கடைக்காரர் பார்ப்பாரே, அந்தப் பார்வை. முதலில் மாடியில் ஒரு பொம்பளை சிரித்தாள். பிறகு கீழே ஒரு வரிசை. பிறகு கொட்டகை முழுவதும். வில்ஃப்ரெட்டுக்கு எதற்குச் சிரிக்கிறார்கள் என்று புரியவில்லை. கால்சட்டைப் பொத்தான் போடவில்லையோ என்று சட்டென்று கீழே குனிந்து பார்த்துக்கொண்டார். அதற்கு எழுந்த சிரிப்பில் கிண்ணங்கள் அதிர்ந்தன. தட்டை மிகுந்த ஜாக்கிரதையாக மேசைமேல் வைத்துவிட்டு வெளியே வந்தார். முகம் வெளுத்திருந்தது.

"என்ன ஆச்சு எட்னா? பொத்தானா?"

பொத்தான் சரியாகத்தான் இருக்கிறது, அவர்கள் உங்களைப் பார்த்துத்தான் சிரித்தார்கள் என்றேன். அவர் அங்கேயே ஒரு பெட்டியின்மேல் உட்கார்ந்தார். அந்தச் சிரிப்பு அடங்கும்வரை ஹெஸ்டரும் லயனலும் மேடையில் அசையாமல் காத்திருக்க வேண்டியிருந்தது. அது அடங்குவதை அவர் தலையைச் சாய்த்துக் கேட்டுக்கொண்டிருந்தார். அப்போது அவர் முகத்தில் வந்த மாற்றத்தை நான் பார்த்தேன். என் கணவர் முகத்தில் ஆயிரம் தடவை பார்த்த அதே மாற்றம்.

நாடகம் முடிந்து ஒப்பனை அறையில் விசாரணை. மாமியார் சீமாட்டி வேஷத்துக்கு வைத்த கிரீடத்தைக்கூடக் கழற்றவில்லை.

"என் மகன் எழுதின நாடகம், என் மக நடிக்கற காட்சி. அந்தச் சிரிப்பு யாரோடது?"

லயனல், தான் குனிந்த தோரணைக்குக் கிடைத்ததாக இருக்கலாம் என்றார். ஜாஸ்பர், எழுத்துக்குக் கிடைத்தது என்றார். ஹெஸ்டர் மட்டும், "வில்ஃப்ரெட்டோடது," என்று சொல்லிவிட்டு, அவர் தோளில் கை வைத்துக்கொண்டு வெளியே போனாள். அன்று அவள் சந்தோஷமாக இருந்தாள்.

மறுநாளும் சிரிப்பு. மால்வெர்னுக்குப் போனபோது அங்கே உள்ளூர்ப் பத்திரிகையில், பெயர் அச்சிடப்படாத அந்த பட்லரைப் பற்றி இரண்டு வரி வந்துவிட்டது. மாமியார் பத்திரிகையை ரொட்டித் தட்டின்மேல் போட்டார். முதல் அங்கம் முழுக்கத் தொண்டை கிழியப் பேசினவளுக்கு ஒரு வரி இல்லை, தட்டு தூக்கினவனுக்கு இரண்டு வரியா என்று கேட்டார். அந்த ஞாயிற்றுக்கிழமை வில்ஃப்ரெட் ஏதோ சொல்ல ஆரம்பித்தபோது மூன்று பேர் ஒரே நேரத்தில் குறுக்கே பேசினார்கள். காமாலைக்காரர் தேறி வந்தார். ஜாஸ்பர் அவருக்கு வேறு சின்ன வேஷம் கொடுத்து, பட்லரை வில்ஃப்ரெட்டிடமே விட்டுவைத்தார்.

லயனல் பழம் தின்று கொட்டை போட்ட ஆள். ஒருவருடைய சிரிப்பைக் கொல்ல அவருக்குப் பல வழி தெரியும். கதவு திறக்கிற நேரத்துக்கு நகர்ந்து பட்லரை மறைத்து நின்றார். முத்தத்தைச் சீக்கிரம் முடித்தார். ஒரு நாள் கைக்குட்டை எடுத்து மூக்குச் சிந்தினார். ஹெஸ்டர்கூட, சிரிப்பு முடிவதற்குள் தன் அடுத்த வரியைப் பேச ஆரம்பித்தாள். அவளும் ஆவரில்தானே.

"சிரிப்பு ஏறும்போதே பேசிடறா எட்னா. இன்னும் ஒரு மூச்சு விட்டா மாடியும் சேந்துக்கும்," என்று வில்ஃப்ரெட் என்னிடம் வந்து புகார் சொன்னார். மூன்று வாரத்துக்கு முன் இந்த மனிதர் மணிக்கட்டைப் பற்றி என்னிடம் கேட்டவர். இப்போது சீக்கிரமே கொட்டகைக்கு வந்து தட்டைத் தானே துடைத்தார். மேடையில் ஒரு வார்த்தை பேசாதவர், தொண்டைக்கு என்று மிட்டாய் வாங்கிச் சட்டைப்பையில் வைத்துக்கொண்டார்.

ஷ்ரூஸ்பரியில் அது நடந்தது. மத்தியானம் மேடையில் எல்லோரும் தேநீர் குடித்துக்கொண்டிருந்தோம். வில்ஃப்ரெட், லயனலின் பக்கத்தில் போய் நின்று, தொழில்காரர் தொழில்காரரிடம் பேசுகிற மாதிரி பேசினார்.

"லயனல், அந்த முத்தம் இருக்கே, நீ கொஞ்சம் அவசரப்படற. நான் கதவத் தாண்டி ரெண்டடி வர்ற வரைக்கும் புடிச்சுக்க. இன்னும் கொஞ்சம் நீளமா இருந்தா ரெண்டு பேருக்கும் நல்லது."

லயனல் கிண்ணத்தைக் கீழே வைத்தார். படிக்கட்டில் ஹெஸ்டர் நின்றிருந்தாள். அவளைப் பார்த்துத்தான் சொன்னார். "கேட்டியா ஹெஸ்டர்? இத்தன வருஷம் கழிச்சு உன் வீட்டுக்காரரே அனுமதி குடுத்துட்டாரு."

எல்லோரும் சிரித்தார்கள். வில்ஃப்ரெட்டும் சிரித்தார். ஹெஸ்டர் சிரிக்கவில்லை, மேலே ஏறித் தன் அறைக்குப் போய்விட்டாள்.

அன்று சாயந்திரம் வில்ஃப்ரெட் கேட்டபடியே லயனல் செய்தார். நீளமான முத்தம், மறைக்காமல், அவசரப்படாமல். வில்ஃப்ரெட் வந்தார், நின்றார், கழுத்தை நீட்டினார். கொட்டகையில் ஒரு சத்தமும் இல்லை. எங்கோ ஒருவர் நாற்காலியில் நகர்ந்து உட்கார்ந்தார். அவ்வளவுதான். நான் ஓரத்திலிருந்து அவர் கண்ணைப் பார்த்தேன். அது ஹெஸ்டர்மேல் இல்லை. சிரிப்பு வரவேண்டிய இருட்டைப் பார்த்துக்கொண்டிருந்தது.

மறுநாள் புருவத்தை உயர்த்திப் பார்த்தார். அதற்கு மறுநாள் தட்டைச் சற்று ஆட்டினார். செஸ்டரில் வேண்டுமென்றே பொத்தானைக் குனிந்து பார்த்தார். மாடியிலிருந்து ஒருவன் போதும்பா என்றான். ஜாஸ்பர் கூப்பிட்டு, நாளையிலிருந்து தட்டை வை, திரும்பு, போ என்றார். அந்த ஞாயிற்றுக்கிழமை மாமியார் பன்றிக்கறி அடைத்துச் சுட்ட ரொட்டியில் பெரிய துண்டாக வெட்டி அவர் தட்டில் வைத்து, இந்த வருஷம் வெங்காயம் எப்படி என்று அன்பாக விசாரித்தார். அவர் பதில் சொல்லும்போது எல்லோரும் கரண்டியை வைத்துவிட்டுக் கேட்டார்கள். அவர் பாதியிலேயே நிறுத்திக்கொண்டார். மறுநாள் காலையில், ஹாலந்திலிருந்து கிழங்கு வந்திருக்கும் என்று ஊருக்கு ரயிலேறினார். ஹெஸ்டர் நிலையம்வரை போனாள்.

நவம்பரில் நாடகம் லண்டனுக்கு வந்தது. பட்லர் வேஷத்துக்கு ஒரு தொழில்காரரைப் போட்டோம். வில்ஃப்ரெட் செய்ததைச் சொல்லிக்கொடுத்தோம். அவர் கற்றுக்கொண்டு, நின்று, பார்த்து, பாதிச் சிரிப்பு வாங்கினார். தினமும் அதே பாதி. கூடவும் இல்லை, குறையவும் இல்லை.

முதல் நாளுக்கு வில்ஃப்ரெட் வந்திருந்தார். நாடகம் பெரிய வெற்றி. அதன்பின் எங்கள் வீட்டில் விருந்து. கோட்டைக்கூடக் கழற்றாமல் அவர் நேராக அந்த பட்லர்காரரிடம் போய், தட்டை இடது கையில் பிடித்தால் முகம் கூட்டத்துக்கு நன்றாகத் தெரியும் என்று சொல்லிக்கொண்டிருந்தார். அந்தப் பாதிச் சிரிப்பு அவரை எவ்வளவு அரித்தது என்பது எனக்குத் தெரிந்தது. ஹெஸ்டர் கணப்பு ஓரமாக நின்று கொஞ்ச நேரம் பார்த்தாள். பிறகு அவரைக் கையைப் பிடித்து அடுக்களைக்குள் அழைத்துக்கொண்டு வந்தாள். அங்கே நான் ரொட்டி வெட்டிக்கொண்டிருந்தேன். நான் இருப்பதை அவள் பொருட்படுத்தவில்லை.

"ரெண்டாம் அங்கத்துல நான் என்ன கலர் போட்டிருந்தேன்?"

அவர் யோசித்தார். அவருக்குத் தெரியவில்லை.

"புதுசு. பச்சை. ஒனக்குப் பிடிக்கும்னு தச்சது." அவள் குரல் உயரவே இல்லை. "எங்க அப்பா சாப்பாட்டு மேசையில எங்கிட்ட பேசினாக்கூட எனக்குப் பின்னால கூட்டம் இருக்கான்னுதான் பாப்பாரு. அம்மா அப்படித்தான். அண்ணன் அப்படித்தான். லயனல் அப்படித்தான். அதனாலதான் ஒன்னக் கட்டிக்கிட்டேன், வில்ஃப்ரெட். நீ ஆளப் பாப்ப. செல்ட்னத்துல அவ்வளவு பேரு சிரிச்சாங்க, நீ என்னைத்தான் பாத்த. பாத்ல மாடியில உக்காந்து முறைச்சியே, பதினெட்டு வயசுக்காரி மாதிரி இருந்துச்சு எனக்கு. அத எடுத்துக்கிட்டுப் போய் நீ அந்த ஆளுகிட்ட நீளமாக் குடுன்னு கேட்ட."

வில்ஃப்ரெட் வாயைத் திறந்தார், மூடினார். எடுத்துக்கொடுக்க என்னிடமும் வசனம் இல்லை. அவர் தொப்பியை எடுத்துக்கொண்டு, என்னிடம் மட்டும் போய்வருகிறேன் என்று சொல்லிவிட்டுப் போனார்.

அந்தக் குளிர்காலம் அவர்களுக்கு மோசமாகத்தான் போயிற்று. ஹெஸ்டர் சனிக்கிழமை ஆட்டம் முடிந்து, ஞாயிறு காலை ரயிலில் ரெடிங் போய், திங்கள் திரும்புவாள். சில வாரம் போகவே மாட்டாள். பேச்செல்லாம் பையனைப் பற்றியும் நிலக்கரியைப் பற்றியும்தான் என்றாள். வில்ஃப்ரெட் நாடகத்தைப் பற்றி ஒரு வார்த்தை கேட்பதில்லை. கூட்டம் எப்படி என்று கேட்கவில்லை, பட்லரைப் பற்றிக் கேட்கவில்லை. அவர் அதை வேண்டுமென்றே விழுங்கிக்கொண்டிருந்தார் என்று எனக்குத் தோன்றியது. அவளுக்கு அப்போது அப்படித் தோன்றவில்லை.

பிப்ரவரியில் ஒரு திங்கட்கிழமை அவள் கொட்டகைக்கு வந்தபோது முகமே வேறு மாதிரி இருந்தது. என்ன என்று கேட்டேன். ரயில் நிலையத்தில் வழியனுப்ப வந்தவர், வண்டி நகர்கிற நேரத்தில் ஜன்னலைப் பிடித்துக்கொண்டு, "அந்த லயனல் இன்னும் மூக்குக்குள்ள பேசறானா?" என்று கேட்டாராம். கேட்டுவிட்டு, வண்டியோடு கொஞ்ச தூரம் நடந்தாராம்.

"இன்னும் பிடிக்கல அவருக்கு அவன," என்றாள். சொல்லிவிட்டுக் கண்ணாடியைப் பார்த்து முகப்பூச்சுப் போட ஆரம்பித்தாள். முணுமுணுவென்று பாடிக்கொண்டே.

ஈஸ்டரோடு அந்த நாடகம் முடிந்தது. அவள் கடைக்கு மேலே திரும்பிப் போனாள். விதை விற்கிற பருவம். அவரும் அவளும் சேர்ந்தே பொட்டலம் கட்டினார்கள். கோடையில் ஜாஸ்பர் இன்னொரு நாடகத்தை முடித்து, அதிலும் ஹெஸ்டருக்கு ஒரு வேஷம் வைத்திருந்தார். நானும் ஜாஸ்பரும் ரெடிங் போய் அதைப் படித்துக் காட்டினோம். வில்ஃப்ரெட் தராசுக்குப் பின்னால் நின்று கேட்டார். முடிந்ததும் அவர் கேட்டது ஒன்றே ஒன்றுதான், ஜோடி யார் என்று. லயனல் என்றார் ஜாஸ்பர்.

"வேண்டாம்," என்றார் வில்ஃப்ரெட்.

ஜாஸ்பர் காகிதங்களை அடுக்கிக்கொண்டு எழுந்திருக்கப் பார்த்தார். ஹெஸ்டர் புருஷனையே பார்த்துக்கொண்டிருந்தாள். அவர் காதெல்லாம் சிவந்திருந்தது.

"ஒத்திகை எப்ப ஆரம்பம்?" என்று தன் அண்ணனிடம் கேட்டாள்.

வெளியே வந்ததும் ஜாஸ்பர், தன் தங்கையைப் புரிந்துகொள்ளவே முடியவில்லை என்றார். எனக்குப் புரிந்தது. நான் சொல்லவில்லை, சொல்லியிருந்தால் அதையும் நாடகமாக எழுதியிருப்பார்.

செப்டம்பரில் ஆக்ஸ்ஃபோர்டில் முதல் ஆட்டம், ஜோடி லயனல்தான். திரை தூக்குவதற்கு முன் அதில் இருந்த ஓட்டை வழியாகக் கூட்டத்தைப் பார்த்தேன். வில்ஃப்ரெட் நடுவரிசையில், சாவுக்குப் போகிற கறுப்புக் கோட்டோடு, கையைக் கட்டிக்கொண்டு உட்கார்ந்திருந்தார். பக்கத்தில் இருந்த அம்மாள் ஏதோ கேட்க, ஆமாம், அவள் என் மனைவிதான் என்பதுபோலத் தலையை ஆட்டினார். நான் போய் ஹெஸ்டரிடம், அவள் கேட்பதற்கு முன்பே, அவர் எங்கே உட்கார்ந்திருக்கிறார் என்று சொன்னேன்.